ஒரு கையில் புட்டி. மறு கையில் மாத்திரை!

சனிக்கிழமை மாலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. பகல் ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள்.

அவர்களில் ஒருவரைப் பார்ப்போம். முத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. காலையிலிருந்து உலைக்கு முன்னால் நின்ற உடம்பு. இடுப்பு முறிகிறது. தோள்பட்டை கனக்கிறது.

முத்து முதலில் மருந்துக் கடைக்குப் போகிறார். "உடம்பு வலி. ஏதாவது குடுங்க" என்கிறார். கடைக்காரர் அட்டையிலிருந்து 4 மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுக்கிறார். என்ன மாத்திரை? முத்து கேட்கவில்லை. குடிப்பவரா? கடைக்காரர் கேட்கவில்லை.

அடுத்து முத்து மதுக்கடைக்குப் போகிறார். ஒரு குவார்ட்டர் வாங்குகிறார். ஒரு வாய் மது. ஒரு மாத்திரை. மறுபடி ஒரு வாய் மது.

"இரண்டும் வலிக்குத்தானே! இரண்டும் சேர்ந்தால் நல்லாத் தூக்கம் வரும்" என்று நினைக்கிறார்.

முத்து நம் கற்பனை மனிதர். ஆனால் அவரைப் போன்றவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கும்மிடிப்பூண்டியில், பொன்னேரியில், காக்களூரில், தேர்வாய் கண்டிகையில் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்.

அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சத்தம் இல்லாத சாவு

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே பதறியது. பதற வேண்டியதுதான்.

ஆனால் மதுவும் வலி மாத்திரையும் சேர்ந்து செய்யும் கொலைக்குச் சத்தம் கிடையாது. அது ஊரையே ஒரு நாளில் சாய்ப்பதில்லை. ஒவ்வொருவராகச் சாய்க்கும். ஒருவருக்குக் குடல் புண். ஒருவருக்கு மஞ்சள் காமாலை. ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு. "குடிச்சான், போனான்" என்று ஊர் சொல்லிவிடும். மாத்திரையின் பங்கை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஈரலும் ஓர் ஆலைதான்

நம் வயிற்றின் வலது மேல்பக்கம், விலா எலும்புக்குக் கீழே, கல்லீரல் இருக்கிறது. அதையும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் தின்பதும் குடிப்பதும் விழுங்கும் மருந்தும் அங்கே போய்த்தான் பக்குவப்படும்.

பாரசிட்டமால் என்ற மருந்து எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடுகிறோமே, அதுதான். "டோலோ 650" என்றால் அதில் 650 மில்லி கிராம் பாரசிட்டமால் இருக்கிறது. நல்ல மருந்து. அளவோடு போட்டால் பத்திரமான மருந்து.

அந்த மருந்தின் பெரும்பகுதி ஈரலில் தீங்கில்லாமல் பக்குவப்பட்டு வெளியேறிவிடும். கொஞ்சம் மட்டும் விஷக் கழிவாக மாறும். பயம் வேண்டாம். அந்தக் கழிவைக் கட்டிப்போட ஈரலிலேயே ஒரு காவலாளி உண்டு. குளூட்டாதயோன் என்று அதற்குப் பெயர். ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிறார்களே, அதே வேலைதான்.

நாள்தோறும் குடிப்பவருக்கு என்ன நடக்கிறது? இரண்டு கெடுதல் நடக்கிறது. மது, விஷக் கழிவை உண்டாக்கும் யந்திரத்தை வேகமாக ஓட விடுகிறது. அதே சமயம் காவலாளியின் பலத்தைக் குறைக்கிறது. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. சாப்பாடு இல்லாவிட்டால் காவலாளிக்கும் பலம் இல்லை.

கழிவு கூடுகிறது, காவல் குறைகிறது. கட்டுப்படாத விஷம் ஈரலையே தாக்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். குடிப்பவருக்கோ அந்த அளவே சுருங்கிப் போகிறது!

ஆரோக்கியமான பெரியவர் 24 மணி நேரத்தில் 4 கிராம் பாரசிட்டமாலுக்கு மேல் போகக் கூடாது. 500 மில்லி கிராம் மாத்திரை என்றால் 8. அதுதான் எல்லை. நாள்தோறும் குடிப்பவருக்கு அதில் பாதி, அதாவது 2 கிராம்தான் எல்லை என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். அதுவும் டாக்டரைக் கேட்ட பிறகுதான்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஜலதோஷ மாத்திரையிலும் பாரசிட்டமால் உண்டு. மூட்டு வலிக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரையிலும் உண்டு. "காம்பிஃபிளாம்" என்ற மாத்திரையில் ஐபுபுரோஃபென் 400 மில்லி கிராமும் பாரசிட்டமால் 325 மில்லி கிராமும் இருக்கின்றன. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, இடுப்பு வலிக்கு ஒன்று என்று மூன்று மாத்திரை போடுகிறோம். மூன்றிலும் ஒரே மருந்து ஒளிந்திருக்கலாம்.

வெள்ளை மாளிகையில் இருந்தவருக்கும் நடந்தது

ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் வரும் ஆபத்தா இது? இல்லை.

1993-ஆம் ஆண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷிடம் உதவியாளராக இருந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. இரவுச் சாப்பாட்டோடு திராட்சை மது குடிப்பது அவர் வழக்கம். காய்ச்சலுக்குச் சில நாட்கள் பாரசிட்டமால் போட்டுக்கொண்டார். அட்டையில் சொன்ன அளவுதான் போட்டார். ஈரல் செயல் இழந்தது. நினைவு தப்பியது. வேறொருவருடைய ஈரலைப் பொருத்தித்தான் அவரைப் பிழைக்க வைத்தார்கள்.

"குடிப்பவருக்கு ஆபத்து என்று மருந்தின் மேல் ஏன் எழுதவில்லை?" என்று அவர் வழக்குப் போட்டார். 1994-ல் 80 இலட்சம் டாலருக்கும் அதிகமாக நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. 1998-ல் அமெரிக்க அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. சீட்டு இல்லாமல் விற்கும் வலி மாத்திரைகளின் மேல், தினம் 3 கிளாசோ அதற்கு மேலோ குடிப்பவர்களுக்கு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அது சொன்னது.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் பயமுறுத்தவில்லை. என்றோ ஒருநாள் கொஞ்சம் குடித்தவர் ஒரு மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

வயிற்றில் விழும் ஓட்டை

பாரசிட்டமால் ஈரலைத் தாக்கும். மற்ற வலி மாத்திரைகளோ வயிற்றைத் தாக்கும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின். முத்து வாங்கிய மாத்திரை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வயிற்றுக்குள் சோறு செரிக்க அமிலம் சுரக்கிறது. அது வயிற்றையே அரித்துவிடாமல் உள்சுவரில் ஒரு பூச்சு இருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி. இந்த மாத்திரைகள் அந்தப் பூச்சைக் குறைக்கின்றன. மதுவோ அதே சுவரை எரிக்கிறது. பூச்சு போன சுவரில் நெருப்பை ஊற்றினால் என்ன ஆகும்? புண் ஆகும். புண்ணிலிருந்து ரத்தம் கசியும். ஆஸ்பிரின் போட்டிருந்தால் ரத்தம் சீக்கிரம் உறையவும் செய்யாது.

"அப்படியானால் ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன். அது வயிற்றுக்குப் போகாதே!" என்பார் சிலர். தவறு. ஊசி மருந்தும் ரத்தத்தில் கலந்து அதே பூச்சைத்தான் குறைக்கும்.

இன்னொரு விஷயம். இருதயத்துக்காக டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது மதுவைத்தான்.

உலைக்கு முன் நிற்பவருக்கு இரட்டை ஆபத்து

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் பல உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

உலைச் சூட்டில் வேர்வையாக உடம்பின் நீர் போகிறது. மாலையில் குடித்தால் மூத்திரமாக இன்னும் நீர் போகிறது. உடம்பு வறண்டுவிடுகிறது. வறண்ட உடம்பில் மேலே சொன்ன வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும். வயல் காயும்போது வாய்க்காலையும் அடைப்பது போல!

இதனால் சிறுநீரகம் திடீரென்று நின்று போகலாம். மாதக் கணக்கில் இப்படியே நடந்தால் நிரந்தரமாகவும் கெடலாம்.

டிராமடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகள் வேறு சங்கதி. 2018-ல் அதைப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தார்கள். அதோடு மது சேர்ந்தால் மூச்சு மெதுவாகிக்கொண்டே வரும். தூங்கியவர் எழுந்திருக்காமலே போகலாம்.

"எத்தனை மணி நேரம் விடணும்?"

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "குடித்து எத்தனை மணி நேரம் கழித்து மாத்திரை போடலாம்?"

நாள்தோறும் குடிப்பவரை மணிக்கணக்கு காப்பாற்றாது. மது உடம்பை விட்டுப் போன பிறகும், விஷக் கழிவை உண்டாக்கும் யந்திரம் சில நாட்கள் வேகமாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ராத்திரி குடித்துவிட்டு, காலையில் தலைவலிக்கு வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை போடுகிறார்களே, அதுவும் ஆபத்துதான். தண்ணீர் குடியுங்கள். கஞ்சியோ இட்லியோ சாப்பிடுங்கள். ஓய்வு எடுங்கள். வலி போகாவிட்டால் டாக்டரிடம் போங்கள். குடித்ததைச் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள்.

"எங்க மாமா இருபது வருஷமா இப்படித்தான். ஒண்ணும் ஆகலையே!" என்பார்கள். ஈரலின் குணம் அது. பாதிக்கு மேல் கெடும் வரை முனகாது. முனகும்போது நேரம் கடந்திருக்கும்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பார்: "குடிப்பீங்களா?"

அவர் சொல்வார்: "எப்பவாவது, சார்."

பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு உண்மை தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் புருஷன் மானம் போகுமே என்று பேசாமல் இருந்துவிடுவார்.

அம்மா, அந்த ஒரு பொய்யில் அவர் உயிரே போகலாம். குடிப்பது தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார். அல்லது அளவைக் குறைப்பார். தெரியாவிட்டால் எல்லோருக்கும் கொடுப்பதையே கொடுப்பார். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். தனியாகப் போயாவது சொல்லுங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திட்டாமல் கேளுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் யார்தான் உண்மை சொல்வார்கள்?

வீட்டில் உள்ளவர்கள் இந்த அடையாளங்களை நினைவில் வையுங்கள்:

கண் மஞ்சளாவது. மூத்திரம் கறுத்த தேநீர் நிறத்தில் போவது. ஓயாத வாந்தி. வலது மேல்வயிற்றில் வலி. பகலிலும் மயங்கித் தூங்குவது, பிதற்றுவது. இவை ஈரலின் அபாயக் குரல்.

தார் போலக் கறுப்பாக மலம் போவது. ரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி. இவை வயிற்றுப் புண்ணின் அபாயக் குரல்.

மூத்திரம் மிகவும் குறைந்து போவது, முகமும் காலும் வீங்குவது. இவை சிறுநீரகத்தின் அபாயக் குரல்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பாரசிட்டமாலை அளவுக்கு மேல் விழுங்கிவிட்டால், முதல் நாள் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். "நல்லாத்தானே இருக்கார்" என்று ஏமாந்துவிடாதீர்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். நேரம் போகப் போக அதன் பலன் குறையும்.

மூன்றும் ஒரே கையில்!

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

முத்துவை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையின் மேல் இருக்கும் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். அதுவும் எறும்பு அளவு. நாலு மாத்திரையாகக் கத்தரித்த பிறகு அந்த எழுத்தும் பாதியில் நின்றுவிடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் தம்பிகளின் கதி இன்னும் மோசம். அவர்களுக்குத் தமிழும் தெரியாது.

மதுவை விற்பது யார்? அரசாங்கம். 1983-ல் டாஸ்மாக் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. மருந்துக் கடைக்கு லைசென்சு கொடுப்பது யார்? அரசாங்கம். ஈரல் கெட்டுப் போனவருக்கு வைத்தியம் பார்ப்பது யார்? பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரி. மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன! அந்தக் கை மனம் வைத்தால் போதும். பெரிய செலவு இல்லாமல் நாலு காரியம் செய்யலாம்.

ஒன்று: மதுப் புட்டியில், குடி உடம்புக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதோடு இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "இதோடு வலி மாத்திரை போடாதே." மதுக்கடைச் சுவரிலும் இதைப் பெரிதாக எழுத வேண்டும்.

இரண்டு: மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரையை உதிரியாகக் கொடுக்கக் கூடாது. பெயர் எழுதிய கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். "குடிப்பீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்றவை சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டியவை. அட்டையில் சிவப்புக் கோடு இருப்பதே அதற்காகத்தான். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கடையிலும் இருக்க வேண்டும்.

மூன்று: எழுத்துத் தெரியாதவருக்குப் படம் போடுங்கள். ஒரு மாத்திரை, ஒரு புட்டி, நடுவே சிவப்புக் கோடு. தமிழருக்கும் புரியும், பீகாரிக்கும் புரியும்.

நான்கு: ஆலை முதலாளிகள் வலிக்குக் காரணத்தைக் குறைக்க வேண்டும். பாரம் தூக்க யந்திரம் வேண்டும். உலைக்கு முன் நிற்பவருக்குக் குடிநீரும் இடையில் ஓய்வும் வேண்டும். முதலுதவிப் பெட்டியிலிருந்து மாத்திரையைக் கடலை மிட்டாய் மாதிரி எடுத்து நீட்டினால் போதாது. வலி தீராமல் மாத்திரையும் தீராது, மதுவும் தீராது.

"இப்படி எழுதி வைத்தால், மாத்திரையை விட்டுவிட்டுப் பத்திரமாகக் குடியுங்கள் என்று சொல்லிக் கொடுப்பது போல ஆகாதா?" என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும்.

நியாயமான கேள்விதான். மதுவை அடியோடு விடுவதே நல்லது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உயிரோடு இருப்பவன்தான் நாளைக்குத் திருந்த முடியும். செத்தவன் திருந்த முடியாது!

விடுவதற்கும் வழி உண்டு

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு, தினமும் நிறையக் குடிப்பவர் யாராவது "இன்றே விட்டேன்" என்று கிளம்பினால் மகிழ்ச்சி. ஆனால் தனியாகச் செய்ய வேண்டாம். வெகுநாள் பழகிய உடம்பு திடீரென்று மது இல்லாமல் போனால் கை நடுங்கும். வலிப்பு வரலாம். மனம் குழம்பிப் பேய் பிசாசு தெரிவதாகப் பிதற்றலாம். அது பேய் இல்லை, வியாதி. உயிருக்கே ஆபத்தான வியாதி. ஆகவே டாக்டர் மேற்பார்வையில் விட வேண்டும்.

திருவள்ளூரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே போய்க் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுபடி நம் முத்துவிடம் வருவோம்.

அடுத்த சனிக்கிழமை. அதே இடுப்பு வலி. முத்து வீட்டுக்கு வருகிறார். சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுக்கிறார். பள்ளிக்கூடம் போகும் மகள் அதைக் கையில் வாங்கி, அட்டையில் இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்:

"அப்பா, இன்னைக்குக் குடிச்சியா?"

மருந்துக் கடைக்காரர் கேட்காத கேள்வி அது. அதற்கு முத்து உண்மையைச் சொல்ல வேண்டும்; அந்த உண்மைக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். என்ன மாத்திரை என்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். குடிப்பவர் இருந்தால் இந்தக் கட்டுரையையும் படித்துக் காட்டுங்கள்.